கட்டையிலே பூத்த பூ

குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்துவிட்டால் தென்காசிக்காரர்களுக்கு இரண்டு வேலைகள் வந்து சேரும். ஒன்று, வெளியூரிலிருந்து வரும் உறவினர்களுக்கும் சிநேகிதர்களுக்கும் சோறு போடுவது. இரண்டு, அவர்கள் அருவியில் நனைத்துக் கொண்டு வரும் துணிகளைக் காயப் போட இடம் தேடுவது. இந்த ஆடி மாதம் இவ்விரண்டு சிரமங்களையும் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். அந்தப் பாவத்துக்குப் பரிகாரம்தான் இந்த வாரக் கட்டுரை என்று வைத்துக் கொள்ளுங்களேன்!

நான் தங்கியிருந்தது தென்காசிப் பெரிய கோயிலுக்குச் சற்றுத் தள்ளி, ஒரு பழைய வீட்டில். தெருவில் திண்ணை, உள்ளே பட்டாசல், அதற்கப்பால் இரண்டாம் கட்டு, பின்னால் கிணறும் இரண்டு தென்னை மரங்களும். வீட்டுக்கு எஜமானி ஓர் ஆச்சி. வயது எழுபத்தைந்து. ஆச்சியின் மகள், அதாவது என் சிநேகிதி, பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. பேத்திக்கு இருபத்து மூன்று வயது. துணிகளுக்குச் சித்திர வடிவம் அமைக்கும் படிப்பை முடித்துவிட்டு வந்திருக்கிறாள்.

வந்தவள் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? பட்டாசலில் கிடந்த பெரிய மேஜையைக் கைப்பற்றியது! அதன்மேல் சாக்கை விரித்தாள். சாக்கின்மேல் பழைய கம்பளி. கம்பளியின்மேல் தாத்தாவின் பழைய வேட்டி. சுவரோரமாக மரக்கட்டைகளை அடுக்கினாள். சுவரில் இருந்த காலண்டர்கள் எல்லாம் இறங்கி, இலைகளும் கொடிகளும் வரைந்த காகிதங்கள் ஏறின. காலையில் காப்பி குடித்தவுடன் 'டக்... டக்... டக்' என்று சத்தம் கேட்கும். குற்றாலத்துக்கு வந்தவர்கள் அருவிச் சத்தத்தில் கண் விழிப்பார்கள். நான் கட்டைச் சத்தத்தில் கண் விழித்தேன்.

மூன்றாம் நாள் ஆச்சி என்னைப் பிடித்துக் கொண்டாள்.

"நீங்களே சொல்லுங்கம்மா. பத்திரிகையிலே எழுதுதீங்க, நாலு விஷயம் தெரிஞ்சவுக. இவளுக்குத் திருப்பூர்லே ஒரு கம்பெனியிலே வேலைக்குக் கூப்பிட்டிருக்காவ. ஆவணி பொறந்ததும் வரச் சொல்லுதாவ. இவ போகமாட்டேங்கா! கட்டையிலே சாயத்தைத் தொட்டுத் துணியிலே குத்துறதுக்கா இம்புட்டுப் படிப்பு? நாலு பேர் வீட்டுக்கு வந்தா எங்கே உக்கார வைக்க? இது சோறு போடுமா?"

கேள்வி நியாயமானதுதான். "கலை வாழ்க!" என்று கோஷம் போட்டுவிட்டு நான் ரயிலேறிவிடலாம். அந்தப் பெண்ணோடு இருக்கப் போகிறவள் ஆச்சி அல்லவா? ஆகையால் அன்று அவளுக்குப் பாதிப் பதில்தான் சொன்னேன். முழுப் பதிலை உங்கள் முன்னிலையில் சொல்லுகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெண்ணோ பிள்ளையோ இருக்கக்கூடும்!

முதலில், அந்த 'டக் டக்' என்பது என்ன வேலை என்று பார்த்து விடுவோம்.

துணியை வெந்நீரில் நன்றாக அலசிக் கஞ்சியைப் போக்க வேண்டும். பிறகு கடுக்காய்த் தூள் கரைத்த நீரில் முக்கிக் காய வைக்க வேண்டும். கடுக்காய், நம் மேற்கு மலையில் விளைகிற அதே கடுக்காய்தான். நாட்டு மருந்துக் கடையில் எந்நாளும் கிடைக்கும். வெள்ளைத் துணி வெளிர் மஞ்சளாகிவிடும். இதற்குள் ஒரு பானையில் வெல்லமும் துருப்பிடித்த இரும்பும் தண்ணீரில் கிடந்து இரண்டு வாரமாகப் புளித்துக் கொண்டிருக்கும். (அந்தப் பானையைக் கொல்லைப் பக்கம் வைத்ததில் ஆச்சிக்கு ஏற்பட்ட கோபம் தனிக் கதை!) அந்த நீரைப் பசையாக்கி, கட்டையில் தொட்டுத் துணியில் ஒற்றினால் கறுப்புக் கோடு விழுகிறது. கடுக்காயும் இரும்பும் கூடினால் மை. அந்தக் காலத்தில் எழுதுகிற மைக்கே இதுதான் பக்குவம்.

சிவப்பு இதைவிட ஆச்சரியம். படிகாரம் கரைத்த நீரில் புளியங்கொட்டைப் பசையைச் சேர்த்து ஒற்றுகிறாள். கண்ணுக்குச் சரியாக எதுவுமே தெரியாது. அப்புறம் துணியை அலசி, வேர்ச்சாயம் போட்ட கொப்பரையில் வேக வைக்கிறாள். கொஞ்ச நேரத்தில், படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு மலர்ந்து எழும்புகிறது! சாயத்தை நூலோடு பிடித்து வைப்பது படிகாரம். அது படாத இடத்தில் ஒட்டிய சாயம் அலசலிலும் வெயிலிலும் வெளுத்துப் போகிறது. ஒரு பூவுக்கு இரண்டு வர்ணம் என்றால் இரண்டு கட்டை. மூன்று வர்ணம் என்றால் மூன்று கட்டை. முதல் கட்டை பதித்த கோட்டுக்குள் அடுத்த கட்டை மயிரிழை பிசகாமல் உட்கார வேண்டும். ஒரு சேலைக்கு நூற்றுக் கணக்கான தடவை ஒற்ற வேண்டும். இடையில் சாரல் வந்துவிட்டால், காயப் போட்டதை எல்லாம் வாரிக்கொண்டு ஓட வேண்டும்!

இந்த வித்தையை வடக்கேயிருந்து யாரோ கொண்டு வந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். நம் கடற்கரை மணலில் விளைந்த சாயவேர் கொடுத்த சிவப்புக்காகக் கடல் கடந்து கப்பல்கள் வந்தன. கேர்தூ என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் 1742-ல் நம் பக்கத்துச் சாயக்காரர்களிடம் கேட்டு, அவர்கள் துணி எழுதும் முறையைக் கடிதமாக எழுதி ஊருக்கு அனுப்பினார். அதில் கடுக்காய் வருகிறது; கடுக்காயோடு கலக்கிற எருமைப் பால்கூட வருகிறது! நம்முடைய சீட்டித் துணி அங்கே போய் அவர்களுடைய நெசவாளர்களின் பிழைப்பைக் கெடுக்கிறது என்று, பிரான்ஸ் 1686-லேயே அதற்குத் தடை போட்டிருந்தது. இங்கிலாந்து 1721-ல் கடுமையான சட்டம் செய்தது. ஆக, சோறு போட்ட தொழில்தான். பிறகு என்ன ஆயிற்று? அதற்கு மூன்று வீடுகளின் கதையைச் சொல்ல வேண்டும்.

முதல் வீடு, அரண்மனை. கொள்ளிடக் கரையில், இன்றைய அரியலூர் மாவட்டத்தில், கோடாலிக்கருப்பூர் என்று ஓர் ஊர். தஞ்சை மராட்டிய மன்னர் குடும்பத்துக்காக அங்கே சேலை செய்தார்கள். மெல்லிய பருத்தியில் சரிகையை ஊடே வைத்து நெய்வார்கள். பிறகு மெழுகால் கோடுகளை மூடி, கையால் எழுதியும் கட்டையால் ஒற்றியும் சாயமேற்றுவார்கள். சாயத்துக்கு உள்ளேயிருந்து சரிகை மின்னும். சாம்பலுக்குள் கனல் மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்கள். அதைக் கட்டியவர்கள் ராணிகள். பரிசாகப் பெற்றவர்கள் வேறு அரச குடும்பத்தார். குடியானவர் வீட்டுக் கொடியில் அந்தச் சேலை காயவில்லை.

1855-ல் கடைசி மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். அரச பட்டத்தையே கம்பெனியார் எடுத்துவிட்டார்கள். வாங்குவதற்கு ஒரே ஒரு வீடு. அந்த வீட்டுக் கதவு சாத்தியாயிற்று. போதாக்குறைக்கு, மறு வருஷமே, 1856-ல், பெர்க்கின் என்ற ஆங்கிலேய இளைஞர் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்தார். வேர்ச் சிவப்பை ஜெர்மானிய ரசாயனிகள் 1868-ல் சோதனைச் சாலையில் செய்து காட்டினார்கள். செயற்கை அவுரி நீலம் 1897-ல் கடைக்கு வந்தது. கருப்பூர்ச் சேலையை இன்றைக்குப் பார்க்க வேண்டுமானால் அகமதாபாத் காலிகோ அருங்காட்சியகத்துக்கோ, லண்டன் அருங்காட்சியகத்துக்கோ போக வேண்டும்.

அந்தக் கையை மறுபடி பழக்க முயன்றவர்கள் உண்டு. 1970-களில் கமலாதேவி சட்டோபாத்யாய தூண்ட, ருக்மிணி தேவி அருண்டேல் சென்னைக் கலாக்ஷேத்திராவில் இயற்கைச் சாயம், கட்டை அச்சு, எழுத்து வேலை எல்லாவற்றுக்கும் ஒரு பட்டறை வைத்தார். நாட்டியம் ஆடுகிற இடத்தில் சாயக் கொப்பரை எதற்கு என்று அங்கே யாராவது ஓர் ஆச்சி கேட்டிருக்கக் கூடும்!

இரண்டாவது வீடு இங்கிலாந்தில். வில்லியம் மாரிஸ் என்று ஒருவர், 1834-ல் பிறந்தவர். கல்யாணம் ஆனதும் லண்டனுக்கு அருகே ஒரு சிவப்புச் செங்கல் வீட்டைக் கட்டி 1860-ல் குடி போனார். வீடு அழகாக இருந்தது. அதற்குள் வைக்கக் கடையில் பார்த்த எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. திரைச்சீலை, மேஜை, நாற்காலி எல்லாவற்றையும் தாமும் மனைவியும் சிநேகிதர்களுமாகச் செய்யத் தொடங்கினார்கள். மறு வருஷமே அது ஒரு கம்பெனியாகிவிட்டது. பிறகு, நம் நாட்டுச் சாயங்களை ஆராய்ந்த வார்டில் என்ற சாயக்காரரிடம் போய், தாமே தொட்டியில் கையை விட்டு வேலை கற்றார். பணக்காரர் வீட்டுப் பிள்ளை முழங்கை வரை நீலமாக வீடு திரும்புவாராம்!

அவருடைய கிராம வீட்டுத் தோட்டத்தில் ஸ்ட்ராபெரிப் பழம் போட்டிருந்தார். பாடும் பறவைகள் வலைக்குள் புகுந்து பழத்தைத் திருடும். மாரிஸ் பறவைகளை விரட்டவில்லை. அவற்றையே படமாக்கிக் கட்டையில் வெட்டி, 1883-ல் துணியில் அச்சிட்டார். 'ஸ்ட்ராபெரித் திருடன்' என்று பெயர். இன்றைக்கும் உலகமெங்கும் விற்கிறது. ஆனால் அவர் மனத்தில் ஒரு குறை இருந்தது. எல்லார் வீட்டுக்கும் அழகு போய்ச் சேர வேண்டும் என்பது அவர் ஆசை. கையால் செய்ததன் விலையோ பணக்காரர்கள் வீட்டுக்குத்தான் போயிற்று.

மூன்றாவது வீடு எது? அது ஆச்சியின் வீடு!

"ஆச்சி, நீங்க கட்டியிருக்கிறது என்ன சேலை?" என்று கேட்டேன்.

"இதுவா? சுங்குடி. மதுரைச் சுங்குடி. வேக்காட்டுக்கு இதுதான் ஒடம்புக்குச் சொகம்."

மதுரைச் சௌராஷ்டிரர்கள் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்துப் புள்ளி வாங்கிய சேலை அது. அதோடு, உருக்கிய மெழுகில் கட்டையைத் தொட்டு ஒற்றி, சாயத்தில் முக்குகிற சுங்குடியும் பின்னால் வந்தது. மெழுகு பட்ட இடம் வெள்ளைப் பூவாக நிற்கும். ஆச்சியின் சேலையைத் திருப்பிப் பார்த்தேன், கட்டையில் ஒற்றியதேதான்! நாற்பது வருஷமாக ஆச்சி கட்டை அச்சுத்தான் கட்டிக் கொண்டிருக்கிறாள். அவளுக்கே தெரியாது. 2005-ல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. எந்த ராஜாவையும் மட்டும் நம்பி அது இருக்கவில்லை. அரைத்த மாவு பட்டது, குழந்தையின் மூக்கு துடைத்தது, கிணற்றடிக் கல்லில் அடி வாங்கியது, அதனால் பிழைத்தது.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஒரு கைத்தொழில் அழகாக இருந்தால் மட்டும் பிழைக்காது. துவைத்துத் துவைத்துக் கட்டுகிறவர்கள் இருந்தால்தான் பிழைக்கும். கருப்பூர்ச் சேலையை விடவா சுங்குடி அழகு? இல்லை. ஆனால் இருப்பது எது, போனது எது?

இதைப் பேத்தியிடமும் சொன்னேன். அவள் ஒற்றி வைத்திருந்தவற்றைப் பார்த்தேன். எல்லாம் நேர்த்திதான். ஆனால் ஜெய்ப்பூர்க் கசகசாப் பூவும் மொகலாயச் சாமந்தியுமாக இருந்தன. "தென்காசியில் இருந்துகொண்டு ஜெய்ப்பூர் தோட்டத்தை ஏன் அச்சிடுகிறாய்?" என்று கேட்டுவிட்டேன். பெண்ணுக்கு முகம் சுண்டிவிட்டது. அன்று மாலை அவளே, "சித்தி, சித்திர சபைக்குப் போவோமா?" என்று கூப்பிட்டாள்.

குற்றாலத்துக்குப் போகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர், எண்ணெய் தேய்த்துக் கொள்வார்கள், குளிப்பார்கள், பஜ்ஜி சாப்பிடுவார்கள், திரும்புவார்கள். சித்திர சபையைப் பார்ப்பதில்லை. நடராஜருக்குரிய ஐந்து சபைகளில் இது ஒன்று. சிதம்பரத்தில் பொன், மதுரையில் வெள்ளி, திருநெல்வேலியில் தாமிரம், திருவாலங்காட்டில் ரத்தினம். இங்கே சித்திரம்! ஆடுகிற பெருமானே சுவரில் எழுதிய ஓவியமாக நிற்கிறார். சுற்றிலும் சுவரெல்லாம் மூலிகை வர்ணத்தில் புராணக் கதைகள். நாம் கதையைப் பார்த்தோம். அந்தப் பெண் கதையைப் பார்க்கவில்லை. சித்திரத்திலிருக்கும் பெண்கள் கட்டியிருக்கும் சேலையைப் பார்த்தாள். ஓரத்துக் கொடிகளைப் பார்த்தாள். நோட்டுப் புத்தகத்தில் கோடு கோடாக எழுதிக் கொண்டாள்.

திரும்பும்போது கடைத்தெருவில் நான் ஒரு படுக்கை விரிப்பு வாங்கினேன். "கை அச்சு அம்மா, அசல்!" என்றார் கடைக்காரர். வீட்டில் விரித்ததும் அந்தப் பெண் சிரித்தாள். "சித்தி, இந்தப் பூவிலே இலை கொஞ்சம் விலகியிருக்கு, பாருங்க. அடுத்த பூவைப் பாருங்க. அதே இலை, அதே அளவு விலகல். அதுக்கடுத்ததும் அப்படியே. கை ஒருநாளும் ஒரே தப்பை ஒரே மாதிரி பண்ணாது!"

அசடு வழிந்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. நீங்களும் குறித்துக் கொள்ளுங்கள். கட்டை அச்சில் ஒரு பூவுக்கு ஒரு பூ சாயம் சற்று ஏறி இறங்கும். கட்டையும் கட்டையும் சேருமிடத்தில் சிறிது மேலேறியோ இடைவெளி விட்டோ இருக்கும். துணியின் பின்பக்கம் சாயம் கசிந்திருக்கும். கரையோரத்தில் வரிசையாக வர்ணப் பொட்டுக்களும் ஆலையின் எழுத்துக்களும் இருந்தால் அது இயந்திரம். இயந்திரத் துணி வாங்குவது பாவமில்லை. நான் கைத் துணியின் விலையைக் கொடுத்து அதை வாங்கினேனே, அதுதான் பாவம். அந்த வித்தியாசப் பணம் ஒரு கைக்குப் போயிருக்க வேண்டியது.

நான் புறப்படுவதற்கு முந்தின நாள். இரண்டு விரலில் பிளாஸ்திரியோடு வந்து நின்றாள் பெண். செங்கோட்டை மரக்கடையில் வாங்கிய தேக்குத் துண்டில் தானே செதுக்கிய கட்டை கையில் இருந்தது. மேஜையில் புதுத் தலையணை உறை. சங்கரன்கோவில் கைத்தறித் துணி. கட்டையைச் சாயத்தில் தொட்டாள், வைத்தாள், மேலே உள்ளங்கையால் ஒரு குத்து. எடுத்தாள்.

ஒரு குரங்கு! குற்றாலத்துக் குரங்கு. கையில் மங்குஸ்தான் பழம். யார் பையிலிருந்தோ பிடுங்கிய பழம் என்பது அதன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. வரிசையாக ஒற்ற ஒற்ற, உறை முழுவதும் திருட்டுக் குரங்குகள்!

ஆச்சி எட்டிப் பார்த்தாள். முதலில் மூக்குக் கண்ணாடியைத் தேடினாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். "ஏளா! இது அன்னைக்கு ஐந்தருவியிலே என் கையிலே இருந்த பழத்தைப் பறிச்சிட்டுப் போச்சே, அதுல்லா?" என்றாள்.

அப்புறம் உறையைக் கையில் எடுத்து, மோந்து பார்த்து, கசக்கிப் பார்த்து, ஆச்சி தீர்ப்புச் சொன்னாள்: "நாலு உறை போடு. நான் தலைக்கு வச்சுப் படுத்து, துவைச்சுப் பாக்கேன். சாயம் நிக்குதான்னு பாத்துக்கிட்டு, நம்ம தெருவிலே யாருக்கு வேணும்னு கேக்கேன். ஆவணி வரைக்கும் மேஜை கெடக்கட்டும். அதுக்கப்புறம் பாத்துக்கிடுவோம்."

திருப்பூருக்குப் பதில் எழுதியாயிற்றா என்று எனக்கு இன்னும் தெரியாது. திருப்பூர் வேலையும் கௌரவமான வேலைதான். அதற்கு அவள் போனாலும் நான் வருத்தப்பட மாட்டேன். நாலு தலையணை உறை ஒரு பெண்ணுக்குச் சோறு போட்டுவிடாது என்பதும் எனக்குத் தெரியும். நாற்பது வீட்டில் நாலு நாலு உறை என்றால் யோசிக்கலாம். அந்த நாற்பது வீடுகளைத்தான் உங்களிடம் கேட்கிறேன். அடுத்த பண்டிகைக்குப் பத்துத் துணி வாங்கும்போது, ஒன்று, ஒன்றே ஒன்று, கையால் ஒற்றியதாக இருக்கட்டும். பீரோவில் பூட்டி வைக்க அல்ல. தலைக்கு வைத்துப் படுக்க, மேஜையில் விரிக்க, குழந்தையைப் போர்த்த. சாயம் போனால் செய்தவரிடம் சொல்லுங்கள். அடுத்த தடவை நன்றாகச் செய்வார்.

ஊருக்குக் கிளம்பும் காலையில் பெரிய கோயிலுக்குப் போனேன். பதினைந்தாம் நூற்றாண்டில் அந்தக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியர் கல்வெட்டில் ஒரு விண்ணப்பம் வைத்திருக்கிறார். இந்தக் கோயிலுக்குப் பிற்காலத்தில் ஏதேனும் குறை நேர்ந்தால், அதைத் திருத்திக் காப்பவர் யாரானாலும், அவர்கள் பாதத்தில் தாம் விழுந்து வணங்குவதாகச் சொல்லியிருக்கிறார். கட்டியவர் ராஜா, அவர் கும்பிட்டது, பின்னால் வரப் போகிற முகம் தெரியாத மனிதர்களை. செய்கிறவன் ஒரு தலைமுறைதான் இருப்பான், காக்கிறவர்கள்தான் மிச்சத்தைப் பார்த்துக் கொள்ள வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

பெட்டியில் என் பங்குக்கு ஒரு குரங்கு உறை கொண்டு வந்திருக்கிறேன். இரண்டு தடவை துவைத்தாயிற்று. குரங்கு அப்படியே இருக்கிறது; பழத்தையும் விடவில்லை!